ஒன்பதாம் நிறத்தின் வரலாற்றில் பதினொரு வரி

‘ஒன்பதாம் நிறம்’ என்ற நவீன ஓவிய இதழுக்கு முப்பது வயது நிறைந்த மாதத்தில்தான், தனக்கு இன்னும் வரலாறு எழுதப்படவில்லை என்பது அதற்கு உறைத்தது. உறைக்க வைத்தது இன்னொரு ஓவிய இதழ். பத்து வயதுகூட நிரம்பாத அது, நானூறு பக்கத்தில், கெட்டி அட்டை போட்டு, தன் வரலாற்றை வெளியிட்டுவிட்டது.

“நேத்து பேஞ்ச மழையில முளைச்ச காளான். அதுக்கு வரலாறாம், நமக்கு இல்லையாம்!” என்று ஆசிரியர் அந்தப் புத்தகத்தை மேசையில் போட்டார். மேசை ஆடியது. அது போன வருடத்திலிருந்தே ஆடிக்கொண்டிருந்தது என்பது வேறு விஷயம்.

இதழைத் தொடங்கியவர் ஆசிரியர்தான். பெயர் வைத்தவரும் அவரே. வானவில்லில் ஏழுதானே, ஒன்பதாவது எது என்று யாராவது கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு, “அதைத்தான் தேடிக்கிட்டிருக்கோம்” என்பார். அப்படியானால் எட்டாவது என்ன ஆயிற்று என்று இத்தனை வருடத்தில் ஒரே ஒருவர்தான் கேட்டிருக்கிறார். அவர் மின்சார மீட்டர் பார்க்க வந்தவர். அவருக்குப் பதில் சொல்லப்படவில்லை.

வரலாறு எழுத முதலில் ஒரு பேராசிரியர் வந்தார். குகை ஓவியத்திலிருந்து ஆரம்பித்தார். நாற்பதாம் பக்கம் வரை மனிதன் சக்கரத்தையே கண்டுபிடித்திருக்கவில்லை. ஆசிரியர் நன்றி சொல்லி அனுப்பிவைத்தார். அடுத்து வந்த கவிஞர் வேகமாகத்தான் எழுதினார். மூன்றாம் பக்கத்திலேயே இதழ் தொடங்கிவிட்டது. ஆனால் அதைத் தொடங்கியவர் கவிஞராக இருந்தார். அவரும் அனுப்பப்பட்டார்.

மிச்சமிருந்தவள் கத்திரி.

கத்திரிக்கு ஐம்பத்திரண்டு வயது. இரண்டாம் இதழிலிருந்து பக்கம் அமைப்பவள். அந்தக் காலத்தில் எழுத்தை நீளநீளமான தாள் பட்டைகளாக அடித்துக் கொடுப்பார்கள். அதை அளவாகக் கத்தரித்து, பசை தடவி, அட்டையில் ஒட்டினால் அது ஒரு பக்கம். இப்போது எல்லாம் கணினியில். கத்தரிக்கோல் துருப்பிடித்துத் தொலைந்தும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. எந்த இதழ் எந்த அலமாரியில் இருக்கிறது, எந்த அலமாரி உதைத்தால்தான் திறக்கும் என்பதெல்லாம் அவளுக்குத்தான் அத்துப்படி. முப்பது வருட இதழ்களையும் முழுதாகப் படித்த ஒரே ஆளும் அவள்தான். ஆசிரியர் தன் கட்டுரைகளைப் படித்திருந்தார், பலமுறை.

“நீங்களே எழுதிடுங்க கத்திரி.”

“எனக்கு எழுதவெல்லாம் வராது சார்.”

“வரலாறுக்கு எழுத வரணும்னு அவசியமில்லம்மா. நடந்தது தெரிஞ்சா போதும்.”

முப்பதாம் ஆண்டுச் சிறப்பிதழாக வரப்போகும் வரலாற்றில் என்னென்ன வர வேண்டும் என்று அவரே ஒரு பட்டியல் கொடுத்தார். பத்து நிகழ்ச்சிகள். ஒன்பதில் அவர் இருந்தார். பத்தாவது நிகழ்ச்சிக்குச் சிவப்பு மையால் அடிக்கோடு போட்டிருந்தார். பத்தொன்பதாம் இதழில் வந்த விமர்சனம். அதை அப்படியே நடுப்பக்கத்தில் மறுபடி வெளியிட வேண்டும். தலைப்புகூட யோசித்து வைத்திருந்தார்: ‘அச்சமற்ற பேனா’.

“ஒரே விமர்சனத்துல ஒரு ஓவியர் வரையறதையே நிறுத்திட்டார்னா பாருங்களேன்! உலகத்துல எத்தனை பத்திரிகைக்கு இந்தப் பெருமை இருக்கு?”

கத்திரி பட்டியலை மடித்தாள். “அந்த ஓவியர் எங்க அண்ணன் சார்.”

“தெரியுமேம்மா. அதனாலதான் சொல்றேன், நீங்க எழுதினா ஒரு நடுநிலை இருக்கும்.”

*

இருபத்தைந்து வருடம் முன்பு அண்ணன் பன்னிரண்டு படம் வரைந்தான். பன்னிரண்டும் காத்திருக்கும் இடங்கள். ஆஸ்பத்திரி நடை, அலுவலக வராந்தா, ரயில் நிலையத்தின் மூலை. வரிசையாக நாற்காலிகள், அவற்றில் முகம் தெரியாத ஆட்கள். ஒரு வாரத்துக்கு ஒரு மாடியறையை வாடகைக்குப் பிடித்து மாட்டினான். வந்தவர்களில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள். மீதிப் பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். இரண்டிலும் சேராமல் வந்த ஒரே ஆள் ‘ஒன்பதாம் நிறத்தின்’ விமர்சகர்.

அப்போது அவருக்கு அலுவலகத்தில் பெயர் ‘தாலாட்டு’. அவர் எழுதும் முறை அப்படி. முதல் மூன்று பத்தியில் ஓவியரைப் போட்டு அடிப்பார். கடைசிப் பத்தியில் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு ஆட்டுவார். படிக்கிறவர்களுக்கு இது பழகிவிட்டது. அதனால் யாரும் அவரைப் பார்த்துப் பயப்படவில்லை. யாரும் அவரைப் படிக்கவுமில்லை.

பத்தொன்பதாம் இதழில் அவருடைய விமர்சனம் இப்படி முடிந்தது: “இவருடைய மனிதர்களுக்கு முகம் இல்லை. சுவர்களுக்கு வயது இல்லை. இந்த நாற்காலிகளில் யாரும் உட்கார முடியாது. இவர் எதற்காக வரைகிறார் என்று எனக்குத் தெரியவில்லை.”

தாலாட்டு இல்லை. மடி இல்லை. அந்த மாதமே அவர் பெயர் ‘தேள்’ என்று மாறியது. ஓவியர்கள் வணக்கம் சொல்ல ஆரம்பித்தார்கள்.

அண்ணன் அதை ஒரு கடை வாசலில் நின்று படித்தான். வீட்டுக்கு வந்து தூரிகைகளை ஒவ்வொன்றாகக் கழுவினான். துடைத்தான். ஒரு பெட்டியில் போட்டுக் கயிறு கட்டி மேலே வைத்தான். கோபத்தில் எறிந்திருந்தால் நாலு நாளில் பொறுக்கியிருப்பான். கழுவி வைத்ததுதான் எல்லோரையும் பயமுறுத்தியது. பிறகு பெயர்ப்பலகைக் கடை வைத்தான். முதலில் கையால் எழுதினான். பிறகு ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரம் வந்தது, கைக்கும் வேலை போயிற்று.

“அண்ணனை முடிச்ச இடத்துல தங்கச்சிக்கு வேலை. நல்ல குடும்பம்” என்று அண்ணி வருடத்துக்கு இரண்டு முறையாவது சொல்வாள். சோறு போட்டுக்கொண்டே சொல்வாள் என்பதால் கத்திரியால் எழுந்து போகவும் முடியாது.

ஆனால் கத்திரிக்கு ஒரு ஆறுதல் இருந்தது. அந்த விமர்சனத்தில் தன் கை இல்லை. அதன் கையெழுத்துப் படி அலுவலகத்துக்கு வந்த அன்றைக்கே ஆசிரியர் சொல்லியிருந்தார்: “உங்க அண்ணனைப் பத்தி வருது. நீங்க தலையிடக் கூடாது.” தலையிடுவதா? அவள் படிக்கவே இல்லை. பட்டையை எடுத்து, எழுத்தைப் பார்க்காமல் வரியை மட்டும் எண்ணி, ஒட்டிவிட்டாள். இருபத்தேழு வயது. நேர்மையாக இருக்கிறோம் என்ற நினைப்பே நெஞ்சை நிமிர்த்திய வயது. பிறகு அண்ணனிடமும் சொன்னாள்: “சத்தியமா ஒரு எழுத்துகூட படிக்கலண்ணா. படிச்சிருந்தா உன்கிட்ட முன்னாடியே சொல்லியிருப்பேன்.” அண்ணன் அவள் தலையைத் தட்டிக்கொடுத்தான்.

*

ஆசிரியர் எதையும் எறிய மாட்டார். ஒருநாள் அருங்காட்சியகத்தார் வந்து கேட்பார்கள் என்ற நம்பிக்கையில் எல்லாக் கையெழுத்துப் படிகளையும் இதழ்வாரியாகக் கட்டி வைத்திருந்தார். அருங்காட்சியகத்தாருக்கு முன்னால் கரையான் வந்து பதினாலாம் இதழ்வரை பார்த்துவிட்டுப் போயிருந்தது. பத்தொன்பது தப்பியிருந்தது.

மறுபடி வெளியிடுவதற்காக, அச்சான பக்கத்தையும் கையெழுத்துப் படியையும் ஒப்பிட உட்கார்ந்தாள் கத்திரி. அச்சில் விமர்சனம் முடிந்த இடத்தில் கையெழுத்துப் படியின் மூன்றாம் தாள் முடிந்தது. அடியில் நாலாவது தாள் ஒன்று இருந்தது. அதன்மேல் பக்கத் திட்டத்தைக் குண்டூசியால் குத்தியிருந்தார்கள். திட்டத்தின் ஓரத்தில் பென்சிலால், அவளுடைய உருண்டை எழுத்தில், ‘கடைசி 11 வரி நீக்கம், இடமில்லை’ என்றிருந்தது.

நாலாவது தாளைப் படித்தாள்.

“இப்படி நினைத்துக்கொண்டுதான் முதல் நாள் வீட்டுக்குப் போனேன். அந்த நாற்காலிகள் என்னை விடவில்லை. மறுநாள் திரும்பப் போனேன். காத்திருக்கிறவனுக்கு முகம் எதற்கு? பெயர் சொல்லிக் கூப்பிடும்வரை அவன் யாருமில்லை. என் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த பதினாறு நாளும் நான் உட்கார்ந்திருந்த இடம் இது. உட்கார முடியாமல் உட்கார்ந்திருந்த இடம். இதுவரை யாரும் எனக்கு அதைக் காட்டியதில்லை. இவர் எதற்காக வரைகிறார் என்று தெரியாமல்தான் எழுத ஆரம்பித்தேன். இப்போது தெரியும். இவர் நிறுத்தக் கூடாது.”

முதலில் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. பழக்கதோஷத்தில் வரியை எண்ணினாள். அச்சில் பதினொன்றுதான் வரும்.

எதற்காக வெட்டினோம் என்பது பிறகுதான் நினைவு வந்தது. எதிர்ப்பக்கத்தில் ஆசிரியரின் கட்டுரை. அது வழிந்துவிட்டது. “என் கட்டுரையில கை வைக்காதீங்க, அது ஒரே மூச்சு” என்று சொல்லியிருந்தார். அந்த மூச்சுக்கு இடம் வேண்டியிருந்தது. மற்ற நாளாக இருந்தால் விமர்சனத்தைப் படித்துப் பார்த்து, நடுவில் எங்காவது சதையில்லாத இடமாகப் பார்த்து வெட்டியிருப்பாள். அன்றைக்குப் படிக்கக் கூடாது. படிக்காமல் வெட்டுகிறவள் வாலில்தான் வெட்ட முடியும்.

எத்தனையோ முறை அந்த விமர்சகரை மனதுக்குள் திட்டியிருக்கிறாள். அத்தனையும் திரும்பி வந்து எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டது போலிருந்தது.

*

தேளுக்கு இப்போது எழுபத்தைந்து வயது. வீடு முழுக்கக் கேடயம். நாற்காலியில் இருந்த இரண்டை எடுத்துக் கீழே வைத்துவிட்டுத்தான் அவளை உட்காரச் சொன்னார். நாலாவது தாளைக் கையில் வாங்கியதும் முகம் மலர்ந்தது.

“ஆஹா, என் பழைய கையெழுத்து! எவ்வளவு அழகு பாரும்மா, ‘க’வைப் பாரு.”

“படிங்க சார்.”

பூதக்கண்ணாடி வைத்துப் படித்தார். பாதியில் உதட்டைப் பிதுக்கினார்.

“இது நானா எழுதினேன்? பலவீனமா இருக்கே. அப்பா, ஆஸ்பத்திரி... இதையெல்லாம் பொதுவுல எழுதற ஆளா நான்?”

“நீங்கதான் சார். அச்சுல வராம போனதுக்குக் காரணம் நான். இடம் பத்தலன்னு வெட்டிட்டேன். அன்னிக்கே நீங்க கவனிச்சிருப்பீங்களே?”

தேள் கண்ணாடியைத் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

“கவனிக்காம என்ன? இதழ் கைக்கு வந்த நிமிஷமே தெரியும். சண்டை போடறதுக்குத்தான் உங்க ஆபீசுக்குக் கிளம்பி வந்தேன். மாடிப்படி ஏறறேன், ரெண்டு பேர் இறங்கி வந்தாங்க. ஒருத்தர் என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு, ‘தேள் மாதிரி கொட்டிட்டீங்க சார்’னாரு. அதுவரைக்கும் எழுதினதுக்காக யாரும் என் கையைப் பிடிச்சதில்லம்மா. அப்படியே திரும்பி இறங்கிட்டேன்.”

“அடுத்த இதழ்லயாவது சொல்லியிருக்கலாமே சார்?”

“அடுத்த இதழுக்குள்ள எனக்குப் பேர் வந்துடுச்சே.” கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “அதுக்கப்புறம் நான் கடைசிப் பத்தியே எழுதறதில்ல. அன்னிக்கு நீ வெட்டின, அப்புறம் நானே வெட்டிக்கிட்டேன். ஒருவகையில நீதான் எனக்குக் குரு.”

கத்திரி எழுந்தாள்.

“உங்க அண்ணன் நல்லா வரைவார்மா. இப்ப என்ன பண்றார்?”

“போர்டு செய்யறார் சார்.”

“அதுவும் ஒரு கலைதான்.”

“ஸ்டிக்கர் சார். மெஷின் வெட்டுது.”

வாசல்வரை வந்தவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “இதைப் போட்டுடாதம்மா. கடைசிக் காலத்துல என்னைத் திரும்பவும் தாலாட்டு ஆக்கிடாத.”

*

ஆசிரியர் நாலாவது தாளைப் படித்துவிட்டு, ஜன்னல் பக்கம் போய் நின்றார். முடிவெடுக்க முடியாதபோது அங்கேதான் நிற்பார். ஜன்னலுக்கு வெளியே ஒரு சுவர் இருந்தது.

“கத்திரி, வரலாறுன்னா அச்சானதுதான். அச்சாகாததுக்குப் பேர் வதந்தி.”

“அவர் கைப்பட எழுதினது சார்.”

“கைப்பட எழுதின வதந்தி. சரி, ஏன் வெட்டினீங்க?”

“உங்க கட்டுரை பதினொரு வரி வழிஞ்சுடுச்சு சார்.”

“எந்தக் கட்டுரை?”

“‘மௌனத்தின் எடை’.”

அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. “அது நல்ல கட்டுரை.”

கத்திரி தன் வாழ்க்கையில் மேசையைத் தட்டியதில்லை. அன்றைக்கும் தட்டவில்லை, அது ஆடும் என்பதால். குரலை மட்டும் கொஞ்சம் இறக்கினாள். “வரலாற நான் எழுதினா இந்தப் பதினொரு வரியும் வரும் சார். அது ஏன் வராம போச்சுங்கறதும் வரும். வேணாம்னா, அந்தக் கவிஞரையே கூப்பிட்டுக்கோங்க.”

ஆசிரியர் சுவரைப் பார்த்தார். கவிஞர் தொடங்கிய ‘ஒன்பதாம் நிறம்’ அவர் கண்முன் வந்திருக்க வேண்டும்.

“சரி, போடுங்க” என்றார். “ஆனா சின்ன எழுத்துல.”

ஜெயித்துவிட்டாள். ஆனால் கால்கள் அண்ணன் வீட்டுப் பக்கம் போகவில்லை. இதழ் அச்சாகி ஊரே படிப்பதற்கு முன்னால் அண்ணனிடம் தானே சொல்ல வேண்டும். என்ன செய்வான்? கன்னத்தில் ஒன்று விடுவான், அல்லது பெட்டியை இறக்கிக் கயிற்றை அவிழ்ப்பான். இந்த இரண்டுதான் அவளுக்குத் தோன்றியது. முதலாவது நடந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

*

மறுநாள் காலை கடைக்குப் போனாள். அண்ணன் ஒரு பல் மருத்துவருக்குப் பலகை செய்துகொண்டிருந்தான். இயந்திரம் வெட்டித்தள்ளிய ஸ்டிக்கர் தாளில் எழுத்தைச் சுற்றியிருந்த வேண்டாத பகுதியைச் சின்ன இடுக்கியால் உரித்துக்கொண்டிருந்தான்.

“என்னடி, வேலை நாள்ல? ஒருவழியா அந்த நிறத்தைக் கண்டுபிடிச்சிட்டாங்களா?”

“ஒண்ணு காட்டணும்ணா. உக்காரு.”

“உக்காந்தா பல்லு டாக்டர் என் பல்லைப் பிடுங்கிடுவார். சொல்லு.”

தாள்களை நீட்டினாள். முதல் வரியைப் பார்த்ததுமே அவன் சிரித்தான். “இது எனக்கு மனப்பாடம். ‘இந்த நாற்காலிகளில் யாரும் உட்கார முடியாது.’ முழுசா ஒப்பிக்கட்டுமா?”

“கடைசித் தாளைப் படி.”

படித்தான். மறுபடி முதலிலிருந்து படித்தான். உரித்த துண்டு ஒன்று கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை உதறவில்லை.

“இது எங்க போச்சு?”

“நான் வெட்டிட்டேன்.”

“நீயா?”

“ஆசிரியர் கட்டுரை வழிஞ்சுடுச்சு, இடம் பத்தல. பதினொரு வரி. நான் படிக்கலண்ணா. நீ என் அண்ணன், உன்னைப் பத்தினதைப் படிக்கக் கூடாதுன்னு...”

“மத்தவங்களதெல்லாம்?”

“படிச்சிட்டுதான் வெட்டுவேன்.”

“என்னுது மட்டும் படிக்காம.”

“ஆமா.”

அண்ணன் சிரித்தான். அது கேட்க நன்றாக இல்லை. “நல்ல நியாயம்டி உன்னுது. ஊரான் வீட்டுப் பிள்ளைக்குக் கண்ணு, சொந்த வீட்டுப் பிள்ளைக்குக் கண்கட்டு.”

கடையின் உள்ளறையிலிருந்து அண்ணி தேநீரோடு வந்தாள். அண்ணன் கண்ணிமைக்கும் நேரத்தில் தாள்களை ஸ்டிக்கர் சுருளுக்கு அடியில் தள்ளினான்.

“என்ன, அண்ணனும் தங்கச்சியும் ரகசியம்? சொத்து பிரிக்கிறீங்களா?”

“ஆமா. உன் பங்குக்கு இந்த மெஷின்.”

“ரிப்பேர் ஆனதைத்தானே எனக்குத் தள்ளுவீங்க” என்றபடி டம்ளர்களை வைத்தாள். கத்திரியின் முகத்தை ஒருமுறை பார்த்தாள். “ஏன், ஒருமாதிரி இருக்க? உங்க ஆபீஸ்ல இன்னிக்கு யாரை முடிச்சாங்க?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் உள்ளே போனாள்.

அவள் போனதும் கத்திரி குரலைத் தாழ்த்தினாள். “வர்ற இதழ்ல இது முழுசா வருதுண்ணா. ஆசிரியர்கிட்ட மல்லுக்கட்டி ஒத்துக்க வெச்சிருக்கேன். நடுப்பக்கத்துல. ஊரே படிக்கும்.”

“போடாத.”

“என்னண்ணா?”

“போடாதங்கறேன்.”

அவன் இடுக்கியைக் கீழே வைத்தான். குரல் ஏறவில்லை. ஏறியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

“இத்தனை வருஷமா என் கதை என்ன? பெரிய ஆளு ஒருத்தன் பாத்தான், வேணாம்னுட்டான், நான் விட்டுட்டேன். அடி வாங்கி விழுந்தவன். அதுல ஒரு மரியாதை இருக்கு. இப்ப நீ சொல்ற கதை என்ன? உங்க ஆசிரியர் ரெண்டு வரி அதிகமா எழுதிட்டாரு, இடம் பத்தல, அதுக்கு நான் விழுந்துட்டேன். இதை வெளிய சொல்லிப் பாரு. எவன் அழுவான்? சிரிப்பான்.”

“உன்மேல தப்பில்லண்ணா. வெட்டினது நான்.”

“நீ வெட்டின. நான் போய்க் கேட்டேனா? அந்த ஆளு நாலு தெரு தள்ளித்தான் இருந்தான். ‘ஏன்யா இப்படி எழுதின’ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா இதுல இருக்கறதைச் சொல்லியிருப்பானே. கேக்கல. ரோஷம். நிறுத்தக் கூடாதுன்னு எழுதியிருக்கான் பாரு, அவன் எழுதி முடிக்கறதுக்குள்ள நான் நிறுத்தியாச்சு.” உள்பக்கம் கண்ணைக் காட்டினான். “அவளுக்கு நான் என்ன சொல்லுவேன்? அவ அந்தப் பெரிய ஆளைத் திட்டித் திட்டித்தான் இந்தக் கடையில காலத்தை ஓட்டினா. அவளுக்கு இப்ப யாரைக் காட்டுவேன்? உன்னையா?”

தேநீரில் ஆடை படிந்தது.

“அப்ப நான் என்ன பண்ணணும்?”

“பழைய மாதிரியே போடு. அந்தப் பதினொரு வரி இல்லாம.”

“இந்தத் தடவை என் பேர்ல வருதுண்ணா.”

“போன தடவை மட்டும் யார் கை?”

அவள் தாள்களுக்காகக் கை நீட்டினாள். அவன் முதல் மூன்றையும் எடுத்துக் கொடுத்தான். நாலாவதைக் கொடுக்கவில்லை. பலகைமேல் குனிந்து, உரிக்க வேண்டிய எழுத்தைத் தேட ஆரம்பித்தான்.

*

“கடைசிப் பத்தி வேணாம் சார். அச்சானபடியே இருக்கட்டும்” என்று அவள் சொன்னபோது ஆசிரியர் அவளை வெகுநேரம் பார்த்தார்.

“இதைத்தான் முதிர்ச்சிம்பாங்க” என்றார். உடனே தேளுக்குத் தொலைபேசியில் சொன்னார். தேள் மறுமுனையில் அழுதாராம். நல்ல விமர்சகர்கள் கடைசியில் இளகிவிடுகிறார்கள் என்று ஆசிரியர் விளக்கினார்.

பக்கத்தை அவளே அமைத்தாள். ‘அச்சமற்ற பேனா’ என்ற தலைப்பின் கீழ் விமர்சனம், அதற்குக் கீழே வெறும் இடம். இந்த முறை இடம் மிஞ்சியது. அதில் என்ன போடலாம் என்று கேட்டதற்கு ஆசிரியர், “அப்படியே விடுங்க, அதுவும் பேசும்” என்றார். பிழை திருத்தி, கையெழுத்துப் போட்டு அச்சுக்கு அனுப்பினாள். முப்பது வருடத்தில் முதல் முறையாக முகப்பில் அவள் பெயர் வந்தது, ஆசிரியர் பெயரின் நேர் கீழே, பாதி அளவில்.

இதழ் வந்த மூன்றாம் நாள் அண்ணி தொலைபேசியில் கூப்பிட்டாள். திட்டவில்லை.

“நீ கொஞ்சம் வீட்டுக்கு வரியா? உங்க அண்ணன் கடைக்குப் போயி பத்து நாளாகுது. கேட்டா முதுகு வலிங்கறார். பல்லு டாக்டர் வந்து கத்திட்டுப் போறார், இவர் சரிங்க சரிங்கன்னு தலையாட்டிட்டு உக்காந்திருக்கார். சாப்பாட்டுத் தட்டைப் பாத்துக்கிட்டே இருக்கார், சாப்பிடறதில்ல. அன்னிக்கு நீ வந்துட்டுப் போனதிலிருந்துதான். அன்னிக்கு என்ன பேசினீங்க?”

“ஒண்ணுமில்ல அண்ணி. ஒரு விளம்பரம் விஷயமா.”

“விளம்பரமா?”

“ஆமா அண்ணி.”

“எனக்குப் பயமா இருக்கும்மா” என்றாள் அண்ணி. இத்தனை வருடத்தில் அவள் ‘அம்மா’ போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.

சாயந்திரம் கத்திரி போனாள். கைப்பையில் புது இதழ் இருந்தது. எதற்கு எடுத்துவந்தோம் என்று படியேறும்போது தோன்றியது, ஆனால் திருப்பி வைக்க இடமில்லை. கதவைத் திறந்த அண்ணி, நல்ல செய்தி கொண்டுவந்தவளைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தாள்.

அண்ணன் கூடத்தில், சவரம் செய்யாத முகத்தோடு உட்கார்ந்திருந்தான். தொலைக்காட்சி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அவளைப் பார்த்ததும் நிமிர்ந்தான்.

“வந்துடுச்சா?”

“வந்துடுச்சுண்ணா.”

“இல்லாமத்தானே?”

“இல்லாமத்தான்.”

அவன் தலையாட்டினான். பெருமூச்சு விடுவான், ஆறுதலடைவான் என்று அவள் எதிர்பார்த்தாள். அவன் முகத்தில் இருந்தது வேறு. வேண்டாம் என்று அடித்துச் சொல்லிவிட்டு, அவள் மீறியிருப்பாள் என்று பத்து நாளும் காத்திருந்தவனின் முகம் அது. கத்திரிக்கு அது புரிந்தபோது இதழ் நாற்பது கடைகளில் தொங்கிக்கொண்டிருந்தது.

“எது இல்லாம?” என்று கேட்டாள் அண்ணி.

இருவரும் தொலைக்காட்சியைப் பார்த்தார்கள்.

“உங்களைத்தான் கேக்கறேன். எது இல்லாம?”